மாடுகளில் ஆய்வகக் கரு உற்பத்திக்கான சினைமுட்டைத் தேர்வு

ஆய்வகக் கரு உற்பத்தி என்பது பசுவின் சினைமுட்டையை (அண்டசெல்) உடலுக்கு வெளியே முதிரச் செய்து, விந்தணுவுடன் சேர்த்துக் கருவுற வைத்து, ஏறக்குறைய ஏழு நாட்கள் வளர்த்தபின் வாடகைத்தாய்ப் பசுவின் கருப்பையில் வைக்கும் முறையாகும். உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டையிலிருந்து முதல் கன்று 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. எந்த முட்டையை வளர்ப்பது, எதை ஒதுக்குவது என்று முடிவு செய்வதே சினைமுட்டைத் தேர்வு.

தேர்வின் தேவை

முதிராத 100 முட்டைகளை வளர்ப்பு ஊடகத்தில் இட்டால் சுமார் 90 முதிர்ச்சியடையும். 80 அளவில் கருவுறும். ஆனால் மாற்றத்தக்க பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டுபவை பொதுவாக 30 முதல் 40 மட்டுமே. மாட்டுக் கருவின் சொந்த மரபணுக்கள் 8 முதல் 16 செல் நிலையில்தான் முழுமையாகச் செயல்படத் தொடங்குகின்றன. அதுவரை, முட்டை முன்பே சேமித்து வைத்த ஆர்.என்.ஏ., புரதம் ஆகியவற்றையே கரு பெரிதும் நம்பியிருக்கிறது. அந்தச் சேமிப்பு குறைவாக இருந்தால், பின்னர் எவ்வளவு நல்ல ஊடகத்தில் வளர்த்தாலும் அக்குறையை ஈடுசெய்வது கடினம்.

சேகரிக்கும் முறைகள்

இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் சினைப்பைகளிலிருந்து முட்டைகளைப் பெறலாம். உயர்தரப் பசுக்களிடமிருந்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி யோனிச் சுவர் வழியாக ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கலாம். பாலிக்கிள் என்பது முட்டையைக் கொண்டுள்ள, நீர் நிறைந்த நுண்பை. பெரும்பாலும் 2 முதல் 8 மி.மீ. விட்டமுள்ள பாலிக்கிள்களே இதற்குப் பயன்படுகின்றன. முட்டை சுமார் 110 மைக்ரோமீட்டர் விட்டத்தை எட்டிய பிறகே முழுமையாக முதிரும் திறன் பெறுவதால், மிகச் சிறிய பாலிக்கிள்களின் முட்டைகள் அதிகம் பயன்படுவதில்லை.

தோற்றத்தைக் கொண்டு தரம் பிரித்தல்

நுண்ணோக்கியின் கீழ் இரண்டு கூறுகள் கவனிக்கப்படுகின்றன: முட்டையைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்கள், முட்டையின் சைட்டோபிளாசம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுகோல் சற்று மாறினாலும் பொதுவான பிரிவுகள் இவை:

1. முதல் தரம்: பல அடுக்கு கியூமுலஸ் செல்கள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும், சைட்டோபிளாசம் சீராக இருக்கும்.
2. இரண்டாம் தரம்: அடுக்குகள் குறைவு, ஆனாலும் முட்டையை முழுவதும் மூடியிருக்கும்.
3. மூன்றாம் தரம்: செல் உறை ஆங்காங்கே விடுபட்டிருக்கும், அல்லது சைட்டோபிளாசம் திட்டுத்திட்டாகச் சுருங்கியிருக்கும்.
4. ஒதுக்கத்தக்கவை: செல் உறை இல்லாதவை, உறை சிதைந்து விரிந்தவை.

கியூமுலஸ் செல்கள் வெறும் போர்வையல்ல. அவை நுண்ணிய இணைப்புகள் வழியாக முட்டைக்கு ஊட்டப்பொருள்களையும் சமிக்ஞைகளையும் அனுப்புகின்றன.

பார்வைக்கு அழகான முட்டையே சிறந்தது என்றும் கொள்ள முடியாது. சிதைவு சற்றே தொடங்கிய பாலிக்கிள்களின் முட்டைகள், வெளி அடுக்கு இலேசாக விரிந்திருந்தபோதிலும், நன்றாக வளர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளிறிய சைட்டோபிளாசத்தைவிடச் சற்றுக் கருமையானது மேலானதாக இருக்கலாம். கொழுப்புச் சேமிப்பே அக்கருமைக்குக் காரணம்.

சாயச் சோதனை

வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி மிகுதியாக இயங்கும். அது பிரில்லியண்ட் கிரெசில் புளூ என்ற சாயத்தை நிறமிழக்கச் செய்யும். வளர்ச்சி முடிந்த முட்டையில் இந்நொதியின் செயல் குறைவு. ஆகவே நீலம் நிலைக்கும். நீலமாக உள்ளவையே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

கொடைப் பசுவின் பங்கு

தேர்வு பசுவிலிருந்தே தொடங்குகிறது. பருவமடையாத கன்றுகளின் முட்டைகள் திறன் குறைந்தவை. கடும் வெப்பம் ஹோல்ஸ்டீன் பசுக்களின் முட்டைத் தரத்தைக் குறைக்கிறது. திமில் உள்ள இனங்களில் ஒரு முறைக்குக் கிடைக்கும் முட்டைகள் பொதுவாக அதிகம். இந்திய வழிவந்த கிர், நெலோர் மாடுகளைக் கொண்டு பிரேசில் இத்துறையில் முன்னணி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோற்றம், சாயம் ஆகிய இரண்டும் முட்டையின் திறனை மறைமுகமாகவே காட்டுகின்றன. எனவே பசுவின் நிலை, பாலிக்கிளின் அளவு, செல் உறை, சைட்டோபிளாசம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கப்படுகிறது.