சிறு கதிரியக்கம்: நிரூபிக்க வேண்டியது யார்?

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் இருக்கும். அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது ஆலையின் வேலை. மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. 1985இல் எட்டுப் பேர் ஊர்மக்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆலைத் தரப்பு நிபுணர்களின் சாட்சியமே ஏற்கத்தக்கது என்றது. மக்கள் முதலில் உரிமம் வழங்கும் வாரியத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டத்தில் வென்ற ஆலை, 1994இல் மூடப்பட்டது. இடத்தைத் துப்புரவாக்க ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதாகப் பின்னர் செய்தி வந்தது.

விஞ்ஞானிகளே ஒத்துப்போகாத விஷயத்தில், நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே வழக்கின் முடிவு அமைகிறது. நம் சாலாக் செலாத்தான், சுங்கை பீசி வட்டாரமும் ஒரு காலத்தில் ஈயம் எடுத்த மண்தான். அதற்காக இங்கே குடியிருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எது தெரிந்த ஆபத்து, எது விவாதத்தில் உள்ளது, எங்கே முறையிடுவது என்பவை தெரிந்திருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் ஏன் மோதுகிறார்கள்?

கதிர்வீச்சின் அளவை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். இயற்கையிலிருந்து மட்டும் ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களை ஆராய்ந்ததில், 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போனால் புற்றுநோய் கூடுவது தெளிவானது. சச்சரவு அதற்குக் கீழேதான். 2006இல் வந்த அமெரிக்க அறிவியல் கழக அறிக்கையின்படி, 100 பேர் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் பெற்றால் அவர்களில் ஒருவருக்குக் கதிர்வீச்சால் புற்றுநோய் வரலாம். அதே 100 பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். 42க்கு நடுவே அந்த ஒன்றை அடையாளம் காண்பது கடினம். அளவு குறையக் குறைய இன்னும் கடினம்.

கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் சொன்னது. ஆபத்தை மிகைப்படுத்துகிறார்கள் என்போர் இதைக் காட்டுவார்கள். மறுதரப்பு 2023இல் வந்த இரண்டு ஆய்வுகளைக் காட்டும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணு ஆலைகளில் வேலை செய்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம், சிறு அளவுகள் சேரச் சேரப் புற்றுநோய் மரணம் கூடியது தெரிந்தது. சிறுவயதில் சிடி ஸ்கேன் எடுத்த ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியரிடம், ரத்தப் புற்றுநோய் ஓரளவு கூடியது தெரிந்தது. ஆகவே, அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும், ஆனால் பூஜ்யமாகாது என்று வைத்துக்கொண்டே உலகெங்கும் பாதுகாப்பு விதிகள் எழுதப்படுகின்றன.

கைப்பேசிக் கோபுரத்தின் ரேடியோ அலைகள் வேறு வகை. அவை அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து அயனியாக்கும் கதிர்கள் அல்ல. கோபுரத்தைப் பற்றிய புகார் தகவல் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் மாநகராட்சிக்கும் போக வேண்டும்.

உங்கள் உரிமைகள்

1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் 2010இல் வந்த விதிகள், இயற்கையும் மருத்துவமும் போக, பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்றும் தொழிலாளிக்கு 20 என்றும் வரம்பு வைக்கின்றன.

நோயாளிக்கு இந்த வரம்பு இல்லை; ஆபத்தைவிடப் பலன் கூடுதலா என்று மருத்துவர்தான் எடைபோட வேண்டும். வயிற்று சிடி ஸ்கேன் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் ஆகும். தேவையான ஸ்கேனைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் கேளுங்கள்: இது அவசியமா? அல்ட்ராசவுண்ட் போதாதா? குழந்தைக்கேற்ப அளவைக் குறைத்திருக்கிறீர்களா? கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய படங்களைப் பத்திரப்படுத்தினால் அதையே மறுபடி எடுக்க நேராது.

கிள்ளான், ஷா ஆலாம் ஆலைகளில் பற்றவைப்பைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பவர்கள் அளவுமானி அணியாமல் வேலையில் இறங்கக்கூடாது. தங்கள் பெயரில் பதிவான அளவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சால் வரும் நோய், சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும் ‘நெகட்டிவ் அயன்’ பதக்கம், வளையல் விஷயத்தில் கவனம் தேவை. 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப்பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலையைத் தடுப்பதாக விற்கப்பட்டவை உட்பட இத்தகைய பத்துப் பொருள்கள் கதிரியக்கம் உள்ளவை என எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து, உள்ள கதிரியக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எங்கே முறையிடுவது?

ஆலை, கழிவு, சந்தேகத்துக்குரிய பொருள் என்றால் டெங்கிலில் இருக்கும் ஜபாத்தான் தெனாகா ஆத்தோம் (அணுசக்தித் துறை). மருத்துவமனை, கிளினிக் என்றால் சுகாதார அமைச்சு. பொய் விளம்பரத்தை நம்பிப் பொருள் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்றாண்டுக்குள். உடல்நலக் கேட்டுக்கான இழப்பீட்டுக்கு நீதிமன்றம்தான். வழி தெரியாதவர்கள், புக்கிட் மேரா மக்களுக்குத் துணைநின்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

உச்ச நீதிமன்றம் அன்று சொன்னதை மறக்க வேண்டாம். எதிலும் முதல் புகார் உரிமம் கொடுத்த துறைக்கே எழுத்தில் போகட்டும். தேதியிட்ட நகல் உங்களிடம் இருக்கட்டும். “பாதுகாப்பானதுதான்” என்று பதில் வந்தால் அதோடு நிற்காமல், எத்தனை மில்லிசீவர்ட், யார் அளந்தது, எப்போது அளந்தது என்று மீண்டும் எழுதிக் கேளுங்கள்.