அடிப்படை உரிமைகள்

அடிப்படை உரிமைகள் என்பவை அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்து, தனிமனிதருக்குச் சட்டத்தால் உறுதியளிக்கப்படும் உரிமைகள் ஆகும். இவற்றின் பாதுகாப்பும் வரம்பும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவில் உரிமைகளை மீறும் சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். ஐக்கிய இராச்சியத்தில், 1998 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டப்படி, நாடாளுமன்றச் சட்டம் உரிமைகளுக்கு முரணானது என அறிவிக்க மட்டுமே நீதிமன்றத்தால் இயலும். அச்சட்டம் தொடர்ந்து செல்லும். இந்தியாவில் 32 ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம்.

வரம்புகள்

இந்தியாவில் பேச்சுரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. 1975 இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்தை நாட இயலாது என 1976 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தத்துக்குப் பின், உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் இடைநிறுத்த இயலாது. 2017 இல் உச்ச நீதிமன்றமே அப்பழைய தீர்ப்பை நிராகரித்தது.