நினைவின் வழித்தடம் – 14: பழவந்தாங்கலில் யார் ஏறுவார்?

1953-ல் ஹென்றி மொலேசன் என்ற நோயாளியின் மூளையிலிருந்து ஹிப்போகேம்பஸை வெட்டியெடுத்தார்கள். அதன்பின் புதிய சம்பவம் எதுவும் அவரிடம் தங்கவில்லை. போன வாரம் அங்கே நின்றோம். இந்த வாரம் செய்குத்தம்பிப் பாவலரின் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் கலை, என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதி இரு பக்கமும் சேதமான இரண்டு பேர். வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றால் சப்பென்று நாலு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டார்கள். குறிப்பாகக் கேள்வி கேட்டபோது விவரங்கள் வந்தன, மற்றவர்களுக்கு வருவதைப் போலவே. சேதி உள்ளேதான் இருந்தது; தானாக எழுந்து வரவில்லை.

மூளையில் குறையே இல்லாதவர்களிடமும் இதன் சாயலைப் பார்க்கலாம். என் பெரியப்பா சேலையூர்க்காரர். உத்தியோகக் காலம் முழுக்கத் தாம்பரம்–எழும்பூர் மின்ரயில்தான். "அப்பல்லாம் ரயில் எப்படி இருக்கும் பெரியப்பா?" என்றால், "கூட்டம்தான், வேறென்ன" என்பார். "பழவந்தாங்கல்ல யாரு ஏறுவாங்க?" என்று கேட்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியோடு ஏறும் போஸ்டாபீஸ்காரர், அவர் மகள் கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புக் கூடிப்போனது, அதற்காகச் சம்பந்தி கோபித்துக்கொண்டது... மாம்பலம் தாண்டியும் ஓயாது.

பார்த்தது மூளையின் பின்பக்கம், கேட்டது பக்கவாட்டில் என்று ஒரே சம்பவம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளைப் பூக்கள் என்றால், ஹிப்போகேம்பஸ் பூ அல்ல, அவற்றைச் சேர்த்துக் கட்டும் நார். ஒரு பூவைப் பிடித்து இழுத்தால் சரமே வருகிறது. வந்ததைக் கோத்து ஒரு காட்சியாக நிறுத்துவதில் பரைட்டல் பகுதியின் கோண மடிப்பு, உள்பக்கத்துப் பிரிகூனியஸ், நெற்றிக்குப் பின்னால் நடுவில் உள்ள பகுதி எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை, குறிப்பாக எந்த வேலையும் இல்லாதபோது சுறுசுறுப்பாகும் வலையமைப்பைச் சேர்ந்தவை. 2001-ல் மார்கஸ் ரெய்க்லே குழு அடையாளம் காட்டியது இதைத்தான். ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்களுக்குப் பழைய ஞாபகம் பொங்குவது சும்மா இல்லை.

இப்போது என்னைத் தூங்கவிடாத கணக்குக்கு வருகிறேன். 2017-ல் வெளியான ஆய்வொன்றில் மார்ட்டின் டிரெஸ்லர் குழு சாதாரண ஆட்களுக்கு ஆறு வாரம், தினம் அரை மணி நேரம், ஒரு பழைய உத்தியில் பயிற்சி கொடுத்தது: நன்றாகத் தெரிந்த பாதையில் இடத்துக்கு ஒரு சொல்லை வைத்துவிட்டு, மனத்தில் அந்தப் பாதையிலேயே நடந்து ஒவ்வொன்றாக எடுப்பது. 72 சொற்களில் முப்பதைத் தொடவே திணறியவர்கள் பயிற்சிக்குப் பின் அறுபதைத் தாண்டினார்கள். அவர்களுடைய மூளை இணைப்புகளின் போக்கும் நினைவாற்றல் போட்டி வீரர்களுடையதை நெருங்கியிருந்தது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இன்று 18 நிலையங்கள். நிலையத்துக்கு நாலு இடம் எடுத்துக்கொள்ளுங்கள்: டிக்கெட் கவுன்டர், படிக்கட்டு, பெஞ்சு, பெயர்ப்பலகை. பதினெட்டு நான்கு எழுபத்திரண்டு! டிரெஸ்லரின் பட்டியல் நம் ரயில் பாதையில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. இந்தப் பொருத்தத்துக்கு எந்த விஞ்ஞான அர்த்தமும் கிடையாது, சந்தோஷம் மட்டும்தான். பட்டியலில் 'கோடரி' வந்தால் பல்லாவரம் பெஞ்சில் வையுங்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் அது. 'இருமல்' வந்தால் இடம் சொல்லவே வேண்டாம், சானடோரியம்.

இந்தச் சந்தோஷத்தில் பாவலருக்கு ஒதுக்கிய இடம் போய்விட்டது. பூங்கா நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் விக்டோரியா பொது மண்டபம். 1907 மார்ச் 10 அன்று அவர் சதாவதானம் செய்தது அங்கேதான். முதுகில் வந்து விழுவதை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், நடுவில் கணக்குக்கும் விடை சொல்ல வேண்டும், வெண்பாவும் பாட வேண்டும். இத்தனை இழைகளை ஒரே மூளை கலக்காமல் எப்படி வைத்திருந்தது என்பது அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.