காப்பாற்றப் போனவர்களின் காயம்

களனிப் பாலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் வரும்போது, தீயணைப்பு வண்டி விரைந்து செல்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைப்போம். ஆனால் வீதி விபத்து, இடிந்த சுவர், ஆற்று வெள்ளம் என உயிர் ஊசலாடும் இடங்களுக்கும் அவர்களே அழைக்கப்படுகிறார்கள். கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் படை அம்புலன்ஸ் சேவையையும் சேர்த்தே நடத்தி வந்தது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் ‘சுவ செரிய’ அம்புலன்ஸ் சேவை 2016இல்தான் ஆரம்பமானது.

தீ அணைந்தால் வேலை முடிந்தது தெரியும். காயப்பட்டவரைத் தூக்குவது அப்படியல்ல. கையிலே தாங்கியவர் பிழைத்தாரா, இறந்தாரா என்ற செய்தி வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. முடிவு தெரியாத அந்தக் கதையை மனம் இரவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. உறக்கம் கெடும்; சிறு சத்தத்துக்கும் உடல் திடுக்கிடும்; வீட்டில் காரணமின்றிக் கோபம் வரும். சிலர் சாராயத்தில் மறக்கப் பார்ப்பார்கள். பிள்ளையொன்று இறந்த இடத்துக்குப் போய்வந்தவருக்குத் தன் பிள்ளையைத் தூக்கவே கை கூசலாம்.

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி வாசலில் குண்டு லொறி வெடித்தபோது 91 பேர் இறந்தனர். ஏறக்குறைய 1,400 பேர் காயமடைந்தனர். அயற் கட்டடங்களும் எரிந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. இத்தகைய நாட்களில் இறந்தவர்களை எண்ணுகிறோம். அவர்களைத் தூக்கிய கைகளை யார் எண்ணினார்கள்?

இதற்கு மருந்து என்ன? அமெரிக்காவில் தீயணைப்பு வீரராயும் இருந்த ஜெப்ரி மிச்செல் 1983இல் ஒரு முறையை எழுதினார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் ஒன்றாக இருத்தி, கண்டதைச் சொல்லவைப்பது அது. நல்லெண்ணத்தோடு பல நாடுகளிலும் கைக்கொண்டார்கள். ஆனால் ஒரே தடவை இப்படிப் பேசவைப்பது பின்வரும் உளப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆறாத புண்ணைக் கிளறுவது போலத்தான். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உள முதலுதவிக் கைநூல் வற்புறுத்திப் பேசவைக்கச் சொல்லவில்லை. நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு என்கிறது. ஓய்வும், சாப்பாடும், பக்கத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு தோழனும் முதலில் வேண்டும்.

நாம் இதை எழுதுவது நகரத்து வீரர்களுக்காக மட்டுமல்ல. ஷெல் விழுந்த நாட்களில் அயலவரைச் சாக்கிலும் கதவுப் பலகையிலும் கிடத்தி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சீருடையும் இல்லை, பயிற்சியும் இல்லை. வழியிலே உயிர் போனதற்குத் தாங்களே காரணம் என்று இன்றும் நெஞ்சுக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். ‘ஆம்பிளை அழலாமோ’ என்று நாம் அவர்களின் வாயை அடைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், என்ன நடந்தது என்று துருவவேண்டாம். அவராகச் சொல்லத் தொடங்கினால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு இருந்து கேளுங்கள். உறக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். பழைய காயமென்றாலும் போகலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைத்துப் பேசலாம்.