பாதி மூளைக்கு இராக்காவல்

ஆறு மாத வேலைக்காக பெர்லினில் போய் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மெத்தை நம் வீட்டு மெத்தையைவிட நல்லது. ஆனாலும் முதல் இரவு தூக்கம் பிடிக்காது. பழியை ஜெட்லாக் மேல் போடுவோம். பக்கத்து ஊரில் கல்யாணத்துக்குப் போய்த் தங்கினாலும் இதே கதைதான் என்பது அப்போது நினைவுக்கு வராது.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் 2016-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஆய்வகத்தில் முதன்முறையாகப் படுத்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடப்பாதியில் ஒரு நரம்பு வலைப்பின்னல், வலப்பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்கவில்லை. வலக்காதில் விழும் ஒலி பெரும்பாலும் இடப்பாதிக்குத்தான் போகும். தூங்குபவர்களின் வலக்காதில் வழக்கத்துக்கு மாறான ஓர் ஒலியை எழுப்பியபோது, இடக்காதில் எழுப்பியதைவிட எளிதில் விழித்துக்கொண்டார்கள். டால்பின்கள் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியால் விழித்திருக்கும். நம்மிடமும் அதன் சாயல் கொஞ்சம் இருக்கிறது போலும்! சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி படுத்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. இராக்காவலரும் படுத்துவிட்டார்.

ஊர் பழகுவது இங்கேதான் தொடங்குகிறது என்பேன். அருங்காட்சியகமும் கோட்டையும் பார்த்து ரசிப்பதில் அல்ல. ஹீட்டர் குழாய் இரவில் டொக்கென்று தட்டுவதைக் கவனிக்காமல் விடுவதில்.

பகலில் வேறொரு வேலை நடக்கிறது. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-இல் அறிவித்தார். 2014-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். எலியைப் புது இடத்தில் விட்ட சில நிமிடங்களிலேயே இந்தச் செல்களில் அந்த இடத்தின் வரைபடம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பகலில் சேர்ந்து துடித்த செல்கள், எலி தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதை ஆய்வாளர்கள் 1994-இல் கண்டார்கள். நம் தலைக்குள்ளும் ஹிப்போகாம்பஸ் உண்டு. அறையிலிருந்து ரயிலடிக்குப் போகும் தெருவை போன் மேப் பார்க்காமல் நடந்து பழகுவது, அதற்கு வேலை கொடுக்க நல்ல வழி.

புது ஊரில் மனிதர்கள் பழகும் விஷயம் இன்னும் விநோதம். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-இல் நியூயார்க் ரயில் பயணிகளைப் பற்றி எழுதினார். அவருடைய மாணவர்கள் பிளாட்பாரத்தில் நிற்பவர்களைப் படமெடுத்து, பிறகு அந்தப் படங்களை அதே பயணிகளிடம் காட்டினார்கள். பேசியே இராத சுமார் 4 முகங்களை ஒவ்வொருவரும் சராசரியாக அடையாளம் கண்டார்கள். தினமும் பார்க்கிறோம், தலைகூட அசைப்பதில்லை. ஆனால் இப்படி முகம் மட்டும் பழகியவர்கள் வழக்கமான இடத்தைவிட்டு எவ்வளவு தூரத்தில் எதிர்ப்படுகிறார்களோ, அவ்வளவுக்கு அவர்கள் பேசிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்றார் மில்கிராம். பிளாட்பாரத்தில் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காத இருவர், வேறு நாட்டுத் தெருவில் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிப்பார்கள்.