தொட்டால் பதில் சொல்லும் பொருட்கள்



மனிதர் அருகில் வந்தாலோ, தொட்டாலோ, பேசினாலோ அதற்கேற்பப் பதில் கொடுக்கும் பொருட்களையும் சிற்பங்களையும் அமைப்பது இன்று பல நாடுகளில் தனிப் படிப்பாகவே இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். நம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அத்தகைய பொருட்கள் இரண்டு இருக்கின்றன. அவை சரியாகப் பதில் சொல்கின்றனவா என்பதில்தான் நமது பணமும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல கோயில்களில் மோட்டாரில் இயங்கும் மேளமும் மணியும் சேர்ந்த இயந்திரம் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே சீராக அடிக்கும். இது தானாக இயங்கும் பொருள். கயிறு கட்டிய மணியோ அப்படியல்ல. மெல்ல இழுத்தால் மெல்ல ஒலிக்கும், பலமாக இழுத்தால் பலமாக ஒலிக்கும். குழந்தை இழுத்ததா பெரியவர் இழுத்தாரா என்பது ஓசையிலேயே தெரிந்துவிடும். இதுதான் பதில் சொல்லும் பொருள்.

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். மேல்பாகம் இலேசாக இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அடியில் உள்ள கனம் அதை நிமிர்த்திவிடும். தள்ளிய வேகத்துக்குத் தக்கபடி ஆடி, பிறகு நிற்கும். மின்சாரமும் வேண்டாம், சாவியும் வேண்டாம். இந்தப் பொம்மைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இரண்டாம் இராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் பலிபீடத்தின் அருகே கற்படிகள் உள்ளன. தட்டினால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு சுரம் தரும். ஹம்பி விட்டலர் கோயிலில் இசைத் தூண்கள் இருக்கின்றன. இவற்றைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தட்டும்போது தூண் மிக நுட்பமாக வளைந்து அதிர்வதால் ஓசை பிறக்கிறது என்று கண்டார்கள்.

ஆனால் தாராசுரம் படிகளைச் சுற்றி இன்று இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. ஹம்பியில் தூண்களைத் தட்டத் தடை இருக்கிறது. பதில் சொல்லும் பொருளை மக்கள் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகமாட்டார்கள். பத்து முறை தட்டிப் பார்ப்பார்கள். ஆகவே பலர் கைபடும் பொருள் அடி தாங்குவதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லலாம். எட்வர்ட் இக்னட்டோவிச் என்ற சிற்பி 'சென்ஸ்டர்' என்ற இரும்புச் சிற்பத்தைச் செய்தார். அது 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டது. சுமார் 15 அடி நீளமுள்ள அந்தச் சிற்பத்தைக் கம்ப்யூட்டர் இயக்கியது. தலைப்பகுதியில் ஒலிவாங்கிகளும் ராடாரும் இருந்தன. மெல்லப் பேசினால் பேசியவரை நோக்கித் தலையை நீட்டும். கூச்சல் போட்டால் பின்வாங்கும். நாம் நடந்துகொள்ளும் விதத்தை அது கவனிக்கிறது என்று தோன்றியதால் மக்கள் அதன் முன் நின்று பேசினார்கள்.

இவற்றிலிருந்து மூன்று இலக்கணங்கள் கிடைக்கின்றன. பதில் உடனே வர வேண்டும். செய்த செயலுக்கு அளவாக வர வேண்டும். செய்தவருக்குப் புரியும்படி வர வேண்டும்.

இனி நம் கடைக்கு வருவோம். பழைய தட்டுத் தராசில் நடுமுள் ஆடி நிற்பதை வாங்குபவரும் கண்ணால் பார்த்தார். மின்னணுத் தராசு வந்த பிறகு எண் நம் பக்கம் மட்டும் தெரிந்தால் அந்தச் சாட்சி போய்விடுகிறது. ஆகவே இருபுறமும் எண் காட்டும் தராசையே வாங்க வேண்டும். சரக்கை வைக்கும் முன் பூஜ்யம் நிற்பதை வாடிக்கையாளர் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிடுவதையும் தவறவிடக் கூடாது.

அடுத்தது பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி. யூபிஐ முறை 2016-இல் வந்தது. பேசும் பெட்டிகள் 2019-க்குப் பின் கடைதோறும் பரவின. பெட்டிக்குள் சிம் கார்டு உண்டு. பணம் நம் கணக்கில் சேர்ந்த தகவல் கிடைத்ததும் அது தொகையைச் சொல்கிறது. வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையில் போலியும் இருக்கலாம். ஆதலால் திரையைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காமல், பெட்டி சொல்லும் தொகையைக் காதால் கேட்டுக் கொடுப்பதே முறை.

பௌர்ணமி கிரிவலம், கார்த்திகைத் தீபம் போன்ற நாட்களில் நம் ஊரில் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். எல்லோர் கையிலும் செல்போன் இருப்பதால் சிக்னல் நெருக்கடி ஏற்பட்டுப் பெட்டி பேசத் தாமதமாகலாம். அப்போது வாடிக்கையாளரைச் சந்தேகித்துப் பேசாமல், நம் செல்போனிலேயே கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. அந்த நாட்களில் ரொக்கத்துக்குச் சில்லறையும் தயாராக இருக்கட்டும். கியூஆர் அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. காலையில் கடை திறந்ததும் அதை ஸ்கேன் செய்து நம் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வாசலில் யார் நுழைந்தாலும் உரக்கக் கூவும் பொம்மைகளை வாங்கி வைப்பதற்கு முன் சென்ஸ்டரை நினைத்துக்கொள்ளலாம். கூச்சல் யாரையும் அருகே இழுப்பதில்லை.

இன்றே ஒருமுறை கல்லாவை விட்டு எழுந்து, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். தராசின் எண் தெரிகிறதா, பெட்டியின் குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அவற்றை இடம் மாற்றி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.