டிஸ்சார்ஜ் ஆன பிறகு 108 வராது

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர் வீட்டில் ஒருவர் திடீரென்று நோயில் விழுந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழி இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். காசு கிடையாது. மராட்டியத்தில் இந்தச் சேவை 2014-ல் தொடங்கியது.

சிக்கல் வருவது நோயாளி பிழைத்துக் கொண்ட பிறகுதான்.

"நாளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்கிறார் டாக்டர். படுத்திருப்பவர் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த தகப்பனார். அல்லது இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன தாயார். உட்கார முடியாது. மறுபடி 108-ஐக் கூப்பிட்டால் "அவசரமா?" என்று கேட்பார்கள். வீடு திரும்புவதற்கு அந்த வண்டி கிடைக்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது. அதே நேரத்தில் வேறொரு சந்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு காத்திருப்பார்.

பிள்ளை பெற்ற தாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால், தாயையும் குழந்தையையும் இலவசமாக வீட்டில் கொண்டு விட வேண்டும் என்பது 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டம். 102-ல் கேட்கலாம். மற்றவர்கள் வாடகை வண்டிதான் பிடிக்க வேண்டும்.

வாசலில் பேரம்

பில் கட்டி, சீட்டு வாங்கி, நோயாளியை ஸ்டிரெச்சரில் கீழே இறக்கிய பிறகுதான் பலர் வண்டி தேடுகிறார்கள். அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கும் தெம்பு இராது. கேட்ட தொகையைக் கொடுத்து விட்டு ஏறுகிறார்கள். முதல் நாளே பேசி முடித்தவர் பாதி வேதனை தப்பினார்.

ஆம்புலன்ஸ் எல்லாம் ஒன்றல்ல. அரசு வகுத்த தர விதியில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. 'பி' என்பது நோயாளியைப் படுக்க வைத்து அழைத்துப் போக மட்டும். 'டி' என்பது தீவிர சிகிச்சைக் கருவிகள் உள்ள வண்டி. வாடகையும் அதற்கேற்ப ஏறும். காயம் ஆறி வீடு திரும்புபவருக்குப் பெரும்பாலும் 'பி' போதும். எது தேவை என்பதை டாக்டரிடம் கேளுங்கள், டிரைவரிடம் கேட்க வேண்டாம்.

உட்கார முடிந்தவருக்கு ஆம்புலன்சே வேண்டியதில்லை. டாக்சி போதும். ஆட்டோவை நம்பிப் பரேல் ஆஸ்பத்திரிகளுக்குப் போக முடியாது. பாந்த்ரா, சயான் எல்லைக்குத் தெற்கே அது ஓடாது.

வாடகை பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசு உண்டா, இரவு வாடகை உண்டா, நோயாளியைத் தூக்க எத்தனை ஆள் வருவார்கள் என்று கேட்டு விட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வாடகைக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இவற்றைச் சேர்த்துக் கேட்டால் கொடுக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் வெளியே வண்டி தேடுமுன் தங்கள் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும்.

ஏணிப்படி

தூக்கும் ஆள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தாராவியில் வண்டி 90 அடி ரோட்டோடு நின்று விடும். உள்ளே சந்து. ஸ்டிரெச்சர் திரும்பாது. வீடு மாடியில் என்றால் செங்குத்தான இரும்பு ஏணி. டிரைவர் ரோட்டில் இறக்கி விட்டுப் போய்விட்டால் அங்கே யார் தூக்குவது? பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேரை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் நோயாளியை உட்கார வைத்துத் தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். முதுகெலும்பு அடிபட்டவருக்கு அது ஆகாது. அப்படிப்பட்டவருக்குச் சில வாரம் கீழ்த்தளத்தில் உறவினர் வீடு கிடைத்தால் அதுவே உத்தமம்.

ஊருக்குப் போக

"ஊரிலே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று முடிவு செய்யும் குடும்பங்கள் பல. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியே சுமார் 1,600 கிலோ மீட்டர். வண்டி காலியாகத் திரும்புவதால், போக வர 3,200 கிலோ மீட்டருக்குக் கணக்குப் போடுவார்கள். ஊரில் உள்ள நகை அடகுக்குப் போவது இப்படித்தான்.

ஆக்சிஜன் வைத்தவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிறிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம்தான். நெல்லைக்கு 30 மணி நேரப் பயணம் என்றால், 2 லிட்டருக்கே மூன்று சிலிண்டர் வேண்டும். டிரைவரும் இரண்டு பேர் வேண்டும்.

டாக்டர் அனுமதித்தால் ரெயில் மேல். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். சிறுநீரக மாற்று ஆபரேஷன், டயாலிசிஸ், இதய ஆபரேஷன் ஆகியவற்றுக்குப் போய் வருபவருக்கும் துணைக்கும் இந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ரெயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும். தட்கல் டிக்கெட்டுக்குச் சலுகை இல்லை. ஆகவே தேதி தெரிந்ததும் கவுண்ட்டருக்குப் போய்விட வேண்டும். பக்கவாதமும் எலும்பு முறிவும் இந்த நோய்ப் பட்டியலில் இல்லை.

டாக்டர் சீட்டு இருந்தால் ஆக்சிஜன் சிலிண்டரை ரெயிலில் கொண்டு போகலாம். வழியில் உடம்புக்கு மோசமானால் 139-க்குப் போன் செய்ய வேண்டும்.

இறங்கும் நிலையத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த ஊர் நிலையத்தில் ரெயில் இரண்டே நிமிடம் நிற்கும் என்றால், படுத்திருப்பவரை இறக்க முடியாது. அதிக நேரம் நிற்கும் பெரிய ஜங்ஷனில் இறங்கி அங்கிருந்து வண்டியில் போகலாம். அந்த வண்டியை மச்சானோ சித்தப்பாவோ முதல் நாளே பேசி, பெட்டி எண்ணைக் கேட்டு வாங்கி, சக்கர நாற்காலியோடு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும்.